பேகம்பூரில் பருந்து எண்ணினேன்

உதவி கேட்டு வருகிறவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம். கேட்காமலே உதவுகிறவர்களிடமிருந்து தப்பவே முடியாது. பருந்து எண்ணப் போய் நான் கற்றுக்கொண்ட பாடம் இது.

கல்லூரியில் கடைசி வருடம். ஊருக்குள் வாழும் பறவைகளை ஆராய்கிற ஒரு மேடத்திடம் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். பேகம்பூரில் கறிக்கடைக்கு எதிர்மாடியில் நின்று, தினமும் காலையில் எத்தனை பருந்து வருகிறது என்று எழுத வேண்டும். ஒரு மாதம் ஒழுங்காக எழுதினால் சான்றிதழ். அது இருந்தால்தான் டிகிரி. (கழுத்துவலி இலவசம்.)

முதல் வாரம் மூன்று, நான்கு. ஒருநாள் ஒன்றுகூட இல்லை. கறிக்கடை காதர் பாய் கீழிருந்து கேட்டார்:

“ஏம்மா, மொகம் வாடிக் கெடக்கு?”

“பருந்தே வர மாட்டேங்குது பாய். என் டிகிரியே அதுக கையிலதான் இருக்கு.”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மறுநாள் பதினெட்டு. அதற்கடுத்த நாள் முப்பது. என் கண்ணுக்கு ஆராய்ச்சியாளர் பார்வை வந்துவிட்டதாகவே நம்பினேன். வீட்டில் நடையே மாறிவிட்டது. கணக்கைப் பார்த்த மேடம், “நேரில் வருகிறேன்” என்றார்.

அவர் வந்த அன்று வானமே தெரியவில்லை. ஒரு பருந்து மேடத்தின் தொப்பியைப் பறித்துக்கொண்டு போனது. “அற்புதம்!” என்று அவர் கத்த, கீழிருந்து பாயும் கத்தினார்:

“போதுமாம்மா? நாலு கடைக் கொழுப்பையும் வாங்கி வீசியிருக்கேன். பத்தலைன்னா சொல்லு, மச்சான் கடையிலயும் எடுத்தாரச் சொல்றேன்!”

மேடம் என்னைப் பார்த்தார். நான் தொப்பி போன திசையைப் பார்த்தேன்.

அதுவரை எழுதிய கணக்கு மொத்தமும் குப்பைக்குப் போனது. பாயைக் கண்டிப்பதற்காகக் கீழே இறங்கிய மேடத்தின் கையில் டீயைக் கொடுத்தார் அவர்.

“பிள்ள படிப்பு போயிருமேன்னுதாம்மா செஞ்சேன். நமக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்.”

மேடத்தால் அதற்குமேல் கோபப்பட முடியவில்லை. இன்னொரு மாதம் கொடுத்தார். பாய் கொழுப்பைத் தராசில் எடை போட்டு வீச வேண்டும். எவ்வளவுக்கு எத்தனை பருந்து என்று நான் எழுத வேண்டும். தராசு ஆராய்ச்சிக்குப் போயிருக்கிறது என்று பாய் வாடிக்கையாளர்களைக் காக்க வைத்தார். சான்றிதழ் வந்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டு விசேஷம் எதில் கூட்டம் சேர்ந்தாலும் அண்ணன் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பான். என் கல்யாணத்திலும் மேடையேறிக் காதில் கேட்டான்: “ஏத்தா, இதெல்லாம் தானா வந்த கூட்டமா, பாய் சேத்ததா?”

நான் வாசலைப் பார்த்தேன். பாய் அப்போதுதான் ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்.