இரண்டு பக்கெட் சீமெந்து

நமது ஊர்களில் பிரயோசனக்காரர் என்று ஓர் இனம் உண்டு. கல்முனையிலிருந்து பாலமுனை வரை எந்த ஒழுங்கையில் நுழைந்தாலும் ஒருவராவது அகப்படுவார். நோயாளிக்குத் திராட்சை வாங்கிப் போனால் "சோறுதானே பலம்" என்பார். பெருநாளுக்குப் பலூன் கேட்ட பிள்ளைக்கு அப்பியாசக் கொப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, அது ஏன் அழுகிறது என்று உண்மையாகவே யோசிப்பார். கெட்ட மனிதரா? இல்லை. அதுதான் சிக்கல்.

சாய்ந்தமருது நிஸாம் இந்த இனத்தில் நன்கு தேறியவர்.

அவருடைய மனைவி ஜெனூபாவின் தங்கை றுஸ்தா, பக்கத்து வளவில், எட்டு மாதக் கர்ப்பிணி. ஏற்கெனவே மூன்று பெண்பிள்ளைகள். பார்க்க வந்தவர்களெல்லாம் வெறுங்கையோடு வந்து, வயிற்றைப் பார்த்து ஒரு பெருமூச்சை விட்டுவிட்டுப் போனார்கள். மூத்தவளின் பழைய உடுப்புகளே நாலாவதுக்கும் போதும் என்பது ஊரின் முடிவு.

"புதுசா ஒரு சட்டை, அவ்வளவுதான் ராத்தா," என்று றுஸ்தா அக்காவிடம் சொல்லியிருந்தாள். "இந்தப் பிள்ளை வாறது ஒராளுக்காவது சந்தோசம் எண்டு எனக்குத் தெரியணும்."

ஜெனூபா அதை அப்படியே கணவரிடம் ஒப்பித்தாள். "ஓம், ஓம்," என்று நிஸாம் புறப்பட்டார்.

கடையில் சட்டையைத் தடவிப் பார்த்தார். மூன்று மாதத்தில் சிறுத்துவிடும். தொட்டில்? பழைய சேலை போதும். பிறகு அவருக்கு ஓர் உண்மை உதித்தது: நமது பகுதியில் பெண்ணைக் கட்டிக் கொடுக்க வீடும் கட்டிக் கொடுக்க வேண்டும். மூன்றும் பெண், நாலாவதும் பெண்ணாகத்தான் இருக்கும். வீட்டின் அருமை அவருக்குத் தெரியும். அவரே மாமனார் கட்டிக் கொடுத்த வீட்டில்தானே குடியிருக்கிறார்?

அஸர் தொழுகைக்குப் பிறகு ஓட்டோவில் இரண்டு பக்கெட் சீமெந்து, ஐம்பது கிலோ மூட்டைகளாக, வந்து றுஸ்தாவின் வாசலில் இறங்கியது.

"என்ன மச்சான் இது?"

"பிள்ளைக்கு."

"பிள்ளை சீமெந்தா குடிக்கும்?"

"இருபது வருசத்தில நினைச்சுப் பார்ப்பா, பெரியவாப்பாதான் அத்திவாரம் போட்டார் எண்டு."

றுஸ்தா வயிற்றில் கைவைத்தபடி ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். சந்தோசத்தில் வாயடைத்துவிட்டாள் என்று நிஸாம் வீட்டில் அறிவித்தார்.

மாரி மழை வந்தது. சீமெந்து கல்லானது. குழந்தையும் பிறந்தது, பெண்தான். தன் தூரநோக்கை வழியில் கண்டவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டே, ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைக்கும் வீட்டுக்குப் போனார் நிஸாம். வந்தவர்கள் செருப்பை அந்தப் பக்கெட்டுகளின் மேல்தான் கழற்றி வைத்திருந்தார்கள்.

உள்ளே றுஸ்தாவின் மடியில் குழந்தை, பச்சைக் கட்டம் போட்ட புத்தம்புதுச் சட்டையில். ஒவ்வொருவரிடமும் அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள் றுஸ்தா. நிஸாம் அந்தக் கட்டத்தை உற்றுப் பார்த்தார். இதைவிட நல்ல பெருநாள் ஒன்று வரட்டும் என்று இரண்டு வருடமாக இடுப்பில் கட்டாமல், மடிப்புக் குலையாமல் அவர் அலுமாரியில் வைத்திருந்த மருதமுனைக் கைத்தறிச் சாறன்!

"ஜெனூபா, அது என்ட சாறன்தானே?"

"ஓம். சும்மாதானே கிடந்த? அதால என்ன பிரயோசனம்?"

நிஸாம் அந்தச் சட்டையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

வாசகரே, நீங்கள் அப்படிப்பட்டவர் அல்லர், தெரியும். ஆனால் சாறனில் மிச்சத் துணி எவ்வளவு வந்திருக்கும், அதில் வேறென்ன தைத்திருக்கலாம் என்று இந்நேரம் யோசித்திருந்தால், அடுத்த முறை குழந்தை பார்க்க வேறு யாரையாவது அனுப்பிவிடுங்கள். அலுமாரிச் சாவியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.