மணலைத் தட்டிப் பார்த்த கதை

ஒன்றை நிரூபித்தே ஆக வேண்டும் என்ற ஆசை அளவு மீறும்போது, கருவிகளும் நம்மீது இரக்கப்பட்டுப் பொய் சொல்லத் தொடங்கிவிடுகின்றன. (என் கருவி இரக்கமே உருவானது.)

அப்போது நான் மண் பொறியியலில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். மலேசியாவில், பெடாஸ் பக்கத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டம் கைமாறியிருந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளை இடிப்பது முடிவாகிவிட்டது. கோயிலை ஒட்டிய மணல்மேட்டில் எல்லாக் குடும்பங்களுக்கும் வரிசை வீடு கிடைக்குமா, அல்லது கிடைத்த அடுக்குமாடிகளுக்கு ஆளுக்கொரு திசையாகப் பிரிவோமா என்பதுதான் முடிவாகவில்லை. மேட்டு மணல் இளகல், வீடு தாங்காது என்று பேச்சு.

எனக்கு அந்த மேடு வேண்டியிருந்தது. பொதுநலம் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன், அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பொதுநலத்துக்குள் தேவி இருந்தாள். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். இரண்டு தட்டு தட்டினால் ‘வீட்டுப் பின்பக்கம் வா’. ஒரு தட்டு என்றால் ‘அம்மா பக்கத்தில் இருக்கிறார், வாயைத் திறக்காதே’. பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வரும்போதும் முதல் வரவேற்பு அந்தச் சுவரிலிருந்துதான் வரும்.

நான் படித்த முறையும் ஏறக்குறைய அதுவே. குழாயில் அடைத்த மணலின் ஒரு முனையில் நகத்தளவு அழுத்தமின் தகடு, மறுமுனையில் இன்னொன்று. மின்சாரம் பாய்ந்தால் முதல் தகடு துடிக்கும். அந்தத் துடிப்பு மணல் வழியே சென்று மறுதகட்டை அசைக்க, அது மின்சாரமாகப் பதில் சொல்லும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் அலையின் வேகம். மணல்மணிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருந்தால் அலை விரையும். இளகிக் கிடந்தால் தயங்கும்.

மேட்டில் நிழல் இருந்த ஒரே இடம் கோயில் வாசல். அங்கே குழாயை இறக்கி, மணலைக் கலைக்காமல் எடுத்து, உலரவைத்து அளந்தேன். வேகம் எதிர்பார்த்ததைப்போல் இரண்டு மடங்கு! மறுபடி அளந்தேன், அதேதான். நிதானமான ஆய்வாளர் எவரும் இந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பார். நான் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தேன்.

தோட்டத்து மண்டபம் நிறைந்துவிட்டது. மாவட்டத்திலிருந்து ஒரு மலாய்ப் பொறியாளர் வந்திருந்தார். குழாயை மேசையில் நிறுத்தி, “இது மணல் இல்ல, சிமெண்டு!” என்று தொடங்கினேன். கருவியின் திரையில் அலை தாறுமாறாகத் துள்ளியது.

“என்னடி, அது பாட்டுக்கு ஆடுது?” என்றாள் முன்வரிசையில் இருந்த தேவி.

“வெளிய லோரி போகுது. அந்த அதிர்வு.”

“லோரி எங்கடி போகுது? மேசைய பாரு லா!”

மேசைக்காலிலிருந்து குழாயின் வாய்வரை எறும்புகள், பள்ளிப் பிள்ளைகளைவிட ஒழுங்கான வரிசையில். சில, தகட்டின் மேலேயே குடும்பத்தோடு உலாவின. பொறியாளர் குனிந்து பார்த்து, “செமுட்” என்றார். எறும்புக்கு மலாயில் அதுதான் பெயர். அன்று அது தீர்ப்பாக ஒலித்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோயில் வாசல். திருவிழா முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. உடைத்த தேங்காய்களின் தண்ணீரையெல்லாம் குடித்த மணல், காய்ந்ததும் அந்த இனிப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் அளந்தது மேட்டின் வலிமையை அல்ல, எங்கள் பக்தியின் வலிமையை.

“அப்ப மேடு பூரா தேங்கா ஒடைச்சா வீடு நிக்குமா?” என்று என் அம்மா உண்மையாகவே கேட்டார். வீடு போகிறதே என்று கலங்கி வந்தவர்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

பொறியாளர் சிரிக்கவில்லை. மேட்டின் மறுபுறத்து மணலை அளந்து வரச் சொன்னார். அளந்தேன். அலை தள்ளாடித் தள்ளாடி வந்து சேர்ந்தது. மாவட்டத்தார் தோண்டிப் பார்த்த சோதனையும் அதையே சொன்னது.

எறும்புகள் வராமல் இருந்திருந்தால்? என் எண்ணை யாராவது நம்பியிருந்தால், மேட்டில் வீடுகள் எழுந்திருக்கும். ஏதோ ஒரு மழைக்காலத்தில் சுவர்கள் பிளந்திருக்கும். உள்ளே எங்கள் சனங்கள் இருந்திருப்பார்கள். இதையெல்லாம் எடைபோட்டு எறும்புகளுக்கு நன்றி சொல்கிறேன். மனம் மட்டும் நியாயம் பேச மறுக்கிறது. அந்தச் சுவர்களில் ஒன்றுக்கு மறுபக்கம் தேவி இருந்திருப்பாளே என்கிறது.

எங்களுக்குச் சிரம்பானில் இடம் கிடைத்தது, அவளுக்கு ரெம்பாவில். இங்கே சுவரெல்லாம் கான்கிரீட். அதில் அலை மணலைவிடப் பல மடங்கு வேகமாகப் போகும். போய்ச் சேரத்தான் ஆளில்லை.

எப்போதாவது அம்மாவோடு தேவி வீட்டுக்குப் போவேன். எனக்கு மட்டும் சீனியில்லாத தேநீர் வரும். “சீனி போட்டா கெட்டியாயிரும்மா. அப்புறம் இவ அதுமேல வீடு கட்டக் கெளம்பிருவா!” என்பாள் தேவி. அம்மா ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பார்.

கசப்பைக் குடித்து முடித்து, மேசையில் ஒரு தட்டு தட்டுவேன். தேவி தேநீர் போட்ட குசினியிலிருந்து இரண்டு தட்டு கேட்கும். அடுக்குமாடியில் வீட்டுக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. இருந்தும் எழுந்து போவேன்.