சாவியை எடுத்தாலும் பாடும் ரேடியோ

குமிழைத் திருகினான். குமிழ் கையோடு வந்துவிட்டது.

ரமேஷ்குமார் காரில் உட்கார்ந்தபடியே அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முழித்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம். நீலகிரி மலைமேல் ஜெகதளாவில் ஆடித் தூறல் நின்றபாடில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மாமனார் வருகிறார். நடுவில் இருப்பது ஒரே ஒரு சனிக்கிழமை. அதிலும் மத்தியானம் வரைக்கும் டீ ஃபாக்டரி ஆபீஸில் கிளார்க் உத்தியோகம் பார்த்தாக வேண்டும்.

"ஏனுங்க, பாடுதுங்களா?" என்று வாசலிலிருந்து கேட்டாள் அவன் மனைவி ஷண்முகப்ரியா.

"குமிழ் வந்துருக்குது. பாட்டு பின்னால வரும்."

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அறுபத்தெட்டாம் வருஷத்து ஃபியட். ரமேஷ்குமாரின் மாமனார் பொள்ளாச்சி நாச்சிமுத்துவுக்கு அவருடைய மாமனார் கல்யாணச் சீராகக் கொடுத்தது. அதே நிறம், அதே சீட்டு, டாஷ்போர்டில் அதே ரேடியோ. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் கண்டித்துச் சொன்னதும், இரண்டு வருஷத்துக்கு முன்னால், நாச்சிமுத்து அதை இளைய மாப்பிள்ளையிடம் விட்டார். கொடுத்தார் என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். விட்டார். ஆர்.சி. புக் அவருடைய பீரோவிலேயேதான் இருந்தது.

சாவியை நீட்டும்போது ஒரு வார்த்தை சொன்னார்.

"எதை வேணாலும் மாத்துங்க மாப்ள, அந்த ரேடியோவை மட்டும் தொட்றாதீங்க. அம்பத்தஞ்சு வருசமாப் பாடுற ரேடியோ. இஞ்சினை நிப்பாட்டினாலும் பாடும். சாவியை எடுத்தாலும் பாடும்!"

"நெசந்தானுங்க" என்றாள் ஷண்முகப்ரியா. "நானும் அக்காளும் அதைக் கேட்டுட்டே வளந்தோம். முன் சீட்டைவிடப் பின் சீட்டுலதான் நல்லாக் கேக்கும்."

அன்றைக்கே மலைப்பாதையில் பர்லியார் தாண்டுவதற்குள் ரமேஷ்குமார் திருகிப் பார்த்தான். ஒரு முனகல்கூட இல்லை. ஐம்பத்தைந்து வருஷம் பாடியது தன் கைக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டால் அதை மாமனாரிடம் எந்த வாயால் சொல்வது? அடுத்த ஞாயிறு போன் வந்தது.

"ரேடியோ பாடுதுங்களா மாப்ள?"

"பாடுதுங்க மாமா."

அந்தப் பக்கம் ஏதோ கை தவறிக் கீழே விழுந்த சத்தம் கேட்டது. "நல்லாவே பாடுதா?"

"கணீர்னு பாடுதுங்க."

பொய் சொல்வதில் ஒரு சிரமம், அது ஒன்றோடு நிற்காது. வாராவாரம் அவர் கேட்பார், வாராவாரம் ரேடியோ பாடும். ஒரு வாரம் வேளாண் செய்தி. ஒரு வாரம் நாதஸ்வரம். கிரிக்கெட் ஸ்கோர்கூட ஒரு தடவை சொல்லியிருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை வந்த போன்தான் வேறு மாதிரி இருந்தது.

"ஞாயித்துக்கெழமை நானும் உங்க அத்தையும் வர்றோம். மேட்டுப்பாளையத்துக்கு வண்டியைக் கொண்டாந்துருங்க. ஆர்.சி. புக்கும் கொண்டாறேன். ரேடியோவை என் காதால கேக்கோணும். கேட்டுப்போட்டு வண்டி யாருக்குன்னு முடிவு பண்ணிக்கறேன்."

யாருக்கு என்றால் ஒன்று இவன், இல்லாவிட்டால் சகலை லிங்கசாமி. மூத்த மகள் ஸ்ரீமதியின் புருஷன். திருப்பூரில் பனியன் ஷோரூம் வைத்திருக்கிறார். கடை வாசலில் ஃபியட்டை நிறுத்தி, அதன் கூரைமேல் பனியன் போட்ட ஆளுயரப் பொம்மை ஒன்றை உட்காரவைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

ரமேஷ்குமாரால் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஃபாக்டரியில் எல்லோரும் அவனை 'ஃபியட்காரர்' என்று கூப்பிடுகிறார்கள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவனுக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது. அந்த வண்டியை அவன் பெற்ற பிள்ளைபோல வைத்திருந்தான். அதன் தலையில் பனியன் பொம்மையா?

சனிக்கிழமை மத்தியானம் குன்னூரில் கார் ஸ்டீரியோ மாட்டும் லூயிஸிடம் போய் நின்றான்.

லூயிஸ் ரேடியோவை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணா, திருகு மேல கம்பெனி வச்ச அரக்கு அப்படியே இருக்கு. இதை இதுவரைக்கும் யாரும் தொறந்ததே இல்லை."

"பின்னே? அம்பத்தஞ்சு வருசத்துல ஒரு ரிப்பேர் வரலை. எங்க மாமா வச்சிருந்த பக்குவம் அப்படி" என்றான் ரமேஷ்குமார் பெருமையாக.

லூயிஸ் அரக்கை உடைத்துத் திறந்தான். உள்ளே எல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது.

"இதுக்குச் சாமான் எங்கயும் கெடைக்காதுங்கண்ணா. ஒண்ணு செய்யலாம். மூஞ்சி பழசாவே இருக்கட்டும். வயித்துல ஒரு புளூடூத் போர்டை வச்சிடறேன். போன் உங்க பாக்கெட்டுல இருக்கும், பாட்டு ரேடியோவுல வரும்."

"சாவியை எடுத்தாலும் பாடணும்."

"சாவியை எடுத்தா எப்படிங்கண்ணா பாடும்? கரண்டு வேணாமா?"

"பாடிச்சுங்கறாரு. அதுக்காக மாமனார்கூடச் சண்டைக்கா போக முடியும்?"

"அப்ப பேட்டரியில இருந்து நேரா இழுத்துடறேன். காலையில வண்டி எந்திரிக்கலைன்னா என்னைத் திட்டக் கூடாது."

குமிழைப் பசை போட்டு ஒட்டி, எல்லாம் மாட்டி, லூயிஸ் ரேடியோவைப் போட்டதும் உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்காரி உரத்த குரலில், "புளூடூத் கனெக்டட்!" என்றாள்.

ரமேஷ்குமார் துள்ளிவிட்டான். "யோவ், யாருய்யா இது?"

"போர்டுலயே பேசி அனுப்பியிருக்காங்கண்ணா. அதை மட்டும் நிப்பாட்ட முடியாது. அவ பேசுற நேரத்துக்கு நீங்க இருமிடுங்க."

வீட்டுக்கு வந்தபோது அவனுடைய போனில் சார்ஜ் இல்லை. ஷண்முகப்ரியாவின் போனை ரேடியோவோடு இணைத்து ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தான். ஃபியட் பாடியது! அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"இதையெல்லாம் உங்கக்காகிட்டச் சொல்லி வைக்காதே."

"நான் ஏனுங்க சொல்றேன்?" என்றாள் அவள், கொஞ்சம் அவசரமாக.

போன் சார்ஜ் ஏறியதும், இன்டர்நெட்டில் யாரோ பதிந்து வைத்திருந்த பழைய வானொலி நிகழ்ச்சி ஒன்றை இறக்கிக்கொண்டான். ஒரு மணி நேரம் ஓடக்கூடியது. முதல் இரண்டு நிமிஷம் கேட்டான். கரகரப்பு, வணக்கம், நாதஸ்வரம். அது போதும் என்று படுத்துவிட்டான்.

காலையில் லூயிஸ் வாக்குப் பலித்தது. ராத்திரி முழுக்க ரேடியோவின் சின்ன விளக்கு எரிந்து பேட்டரியைக் குடித்துவிட்டிருந்தது. சாவியைத் திருப்பினால் வண்டி செருமக்கூட இல்லை. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்களே, அது ஞாபகத்துக்கு வந்தது. நல்லவேளை, மலையில் பேட்டரி செத்தவனுக்குச் சரிவு துணை. ஷண்முகப்ரியா பின்னால் நின்று ஒரு தள்ளுத் தள்ள, அருவங்காட்டுப் பக்கம் உருண்டு, பாதிச் சரிவில் இஞ்சின் உயிர் பெற்றது. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து ஏறினாள். மலை இறங்கி முடிப்பதற்குள் பேட்டரியும் சார்ஜ் ஏறிவிட்டது.

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வெள்ளை வேட்டியும் கறுப்புக் கண்ணாடியுமாக நாச்சிமுத்து நின்றிருந்தார். பக்கத்தில் மாமியார் தெய்வம்மா, மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி.

"பையைக் குடுங்க அத்தை, டிக்கியில வச்சிடறேன்."

"வேண்டாமுங்க. இந்த வண்டியில ஏறினா மடியில ஒரு பை இருக்கோணும். பழகிப்போச்சு."

பெண்கள் இருவரும் பின் சீட்டில் ஏறினார்கள். நாச்சிமுத்து முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ரேடியோவைக் குனிந்து பார்த்தார்.

"போடுங்க மாப்ள."

ரமேஷ்குமார் சட்டைப்பையிலிருந்த போனைத் தட்டிவிட்டுக் குமிழைத் திருகினான்.

"புளூடூத்..." என்று ஆரம்பித்தாள் வெள்ளைக்காரி.

"லொக்! லொக்! லொக்!" என்று இருமினான்.

"ஐயோ பாவம், மாப்பிள்ளைக்கு நெஞ்சுல சளி" என்றாள் தெய்வம்மா.

கரகரப்பு வந்தது. வணக்கம் வந்தது. நாதஸ்வரம் வந்தது. நாச்சிமுத்து அசையாமல் இருந்தார்.

"பாடுதே..." என்றார் மெதுவாக.

"நாந்தான் சொன்னனேங்க மாமா!"

கல்லாறு தாண்டி மலை ஏறத் தொடங்கினார்கள். நாதஸ்வரம் முடிந்தது. அறிவிப்பாளர் கனிவான குரலில், "நேயர்கள் அனைவருக்கும் இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்" என்றார்.

நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். "ஆடி மாசத்துல ஏனுங்க தீபாவளி?"

ரமேஷ்குமார் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மலையில எல்லாமே கொஞ்சம் லேட்டாத்தானுங்க மாமா வந்து சேரும்."

அவர் ரேடியோவையே பார்த்துக்கொண்டு வந்தார். பர்லியார் கடைகள் வந்ததும், "ஓரமா நிறுத்துங்க" என்றார். நிறுத்தினான்.

"இஞ்சினை அணைங்க."

அணைத்தான். ரேடியோ பாடியது.

"சாவியை எடுங்க."

எடுத்தான். ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது.

நாச்சிமுத்துவின் முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று பின்னால் திரும்பி மனைவியைப் பார்த்தார். தெய்வம்மா இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டி, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். மாமனார் மெய்சிலிர்த்துப் போய்விட்டார் என்று ரமேஷ்குமாருக்கு ஒரே பூரிப்பு. வண்டி நமக்குத்தான்! துள்ளி இறங்கினான்.

"மாமா, சூடா டீ வாங்கியாறேன். ரேடியோ பாட்டுக்குப் பாடட்டும்."

அங்கேதான் கோட்டை விட்டான். போன் அவனுடைய பாக்கெட்டில் இருந்தது. அவன் டீக்கடை வரைக்கும் நடந்ததும் ரேடியோவுக்கு அவன் போன் எட்டவில்லை. பாட்டு நின்றது. பக்கத்தில் தெரிந்த போன் வேறு ஏதாவது உண்டா என்று அது தேடியது. பின் சீட்டில், ஷண்முகப்ரியாவின் கைப்பையில், நேற்றுப் பழகிய போன் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டது.

அவன் டீயோடு திரும்பினான். "ரேடியோவுல ஒரு பொம்பளை இங்கிலீசுல என்னமோ சொல்லிட்டு நிறுத்திப்புட்டாளுங்க" என்றார் நாச்சிமுத்து.

"இங்கிலீஷ் செய்தியா இருக்குங்க மாமா. வளைவு ஏறினா மறுபடி பாடும்."

டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். வளைவு ஏறியது. பாட்டு வரவில்லை. ரேடியோவுக்குள் மணி அடித்தது.

"இதென்னுங்க மாப்ள, ரேடியோவுக்குப் போன் வருது?"

"நேயர் விருப்பமுங்க மாமா. நேயருங்க போன் பண்ணிப் பாட்டுக் கேப்பாங்க."

பின்னால் ஷண்முகப்ரியா கைப்பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தாள். "அக்கா? ஒண்ணுமே கேக்கலியே. சத்தமாப் பேசு."

ரேடியோ சத்தமாகப் பேசியது.

"ஏன்டி பிரியா, அப்பா வண்டியில ஏறிட்டாரா?"

"நேயர் குரல் நம்ம ஸ்ரீமதி மாதிரியே இருக்குது" என்றார் நாச்சிமுத்து.

"கேக்கலைக்கா! இன்னும் சத்தமா!"

"ரேடியோ வயித்தைக் கிழிச்சு உள்ள சைனா சாமானைச் சொருகி வச்சிருக்காருன்னியே, அப்பா கண்டுபிடிச்சிட்டாரா? இல்ல இன்னும் தெரியலியா? இவரு இங்க கடை முன்னால பொம்மையோட ரெடியா நிக்கிறாரு!"

ரமேஷ்குமார் பாய்ந்து குமிழைத் திருகினான். குமிழ் கையோடு வந்துவிட்டது.

"ஹலோ? ஹலோ? மலையில சிக்னலே இல்லை" என்று சொல்லி ஸ்ரீமதியே வைத்துவிட்டாள்.

ரமேஷ்குமார் வண்டியை ஓரம் கட்டினான். கீழே பள்ளத்தாக்கில் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு ஏறி வந்தது. ஒரு குரங்கு வந்து பானெட்டின் மேல் உட்கார்ந்து அவனையே பார்த்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது?

"மாமா, மன்னிச்சுக்கங்க. இந்த ரேடியோ என் கையில ஒருநாளும் பாடலைங்க. வந்த அன்னைக்கே ஊமையாத்தான் இருந்துச்சு. நான் கெடுத்துட்டேன்னு நெனச்சுக்குவீங்களேன்னு பயந்து பொய் சொல்லிட்டேன்."

"ஒருநாள்கூடப் பாடலியா?"

"இல்லீங்க."

"வேளாண் செய்தி?"

"பொய்யிங்க மாமா."

"நாதஸ்வரம்?"

"அதுவும் பொய்தானுங்க."

"சத்தியமா?"

"இந்த வண்டி மேல சத்தியமாங்க." சொல்லும்போதே ஸ்டீரிங்கைத் தடவிக்கொடுத்தான். பொம்மையும் பனியனும் கண்முன் வந்து நின்றன.

நாச்சிமுத்துவின் தோள்கள் குலுங்கின. கோபம் என்றுதான் ரமேஷ்குமார் நினைத்தான். பெரிய மூச்சு ஒன்று விட்டார் கிழவர். "அப்பாடா!" என்றார். மடியிலிருந்த ஆர்.சி. புக்கை எடுத்து மாப்பிள்ளையின் கையில் திணித்தார்.

"வண்டி உங்களுக்குத்தான் மாப்ள. இதுக்கு ஏத்த ஆளு நீங்கதான். லிங்கசாமிக்கு இந்த அளவுக்கெல்லாம் வராது."

ரமேஷ்குமார் புத்தகத்தையும் பார்த்தான், மாமனாரையும் பார்த்தான். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பின் சீட்டில் தெய்வம்மா மஞ்சள் பையைத் திறந்தாள். முறுக்குப் பொட்டலத்துக்கு அடியில் கையை விட்டு, தோல் உறை போட்ட பழைய கையடக்க டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்து மடியில் வைத்துத் திருகினாள். அது கரகரவென்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு பாட ஆரம்பித்தது.

"எங்கய்யன் சீரா குடுத்த ரேடியோ ஊமைன்னு அவருகிட்டச் சொல்ல உங்க மாமா பயந்ததால, அம்பத்தஞ்சு வருசமா நான் மடியில ஒளிச்சு வச்சுப் பாட விட்டது இதுதானுங்க மாப்ள; தன் கையில ஒருநாளும் பாடாத பொட்டி உங்க கையில மட்டும் எப்படிப் பாடுதுன்னு தெரியாம, உங்க மாமா ரெண்டு வருசமாத் தூங்கலை!"