கீழே இருக்கும் கை

திருத்தணி, சித்தூர் ஜில்லா.
விய வருஷம், ஆடி மாதம் 20ஆம் தேதி.

சிரஞ்சீவி மாப்பிள்ளை ஜெகநாதன் அவர்களுக்கு மாமனார் தேசப்பன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உங்கள் அத்தை தாயாரம்மாளும் தணிகை முருகன் அருளால் சுகம். அதாவது, அவளுக்குக் கண்ணில் புரை, எனக்கு இரண்டு கையிலும் சேர்த்துப் பதினேழு இடத்தில் ஊசிக்குத்து, இவை நீங்கலாக சுகம். பெரம்பூரில் தங்கள் சுகத்துக்கு எழுதவும்.

மறுமணத்துக்கு எங்கள் சம்மதம் கேட்டுத் தாங்கள் எழுதிய மூன்று கடிதங்களும் கிடைத்தன. விரல்களில் காயம் இருந்ததால் பேனா பிடிக்க முடியவில்லை, அதனால்தான் பதில் இல்லை என்று எழுதலாம் என்றிருந்தேன். அது பொய். முதல் இரண்டு கடிதம் வந்தபோது விரல்கள் நன்றாகவே இருந்தன. எங்கள் பெண் மணியம்மை போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் திருவாலங்காட்டில் பெண் பார்த்துவிட்டீர்களே என்று கோபம். அவளுடைய தகரப் பெட்டியையும் தையல் சட்டத்தையும் பங்குனியில் ரயிலேற்றி அனுப்பினீர்களே, வீட்டைக் காலி செய்கிறார் என்று அதிலும் கோபம். கோபத்துக்கும் ஊசிக்குத்துக்கும் சம்பந்தம் உண்டு. அதை முழுவதும் சொன்னால்தான் விளங்கும்.

சட்டம் வந்து சேர்ந்த அன்று அத்தை அதைப் பிரித்துக் கூடத்து ஜன்னலோரம் வைத்தாள். நாலு காலும் மேலே மரச்சட்டமும், சட்டத்தில் கட்டம் கட்டமாய் ஓட்டை விழுந்த துணியும். பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போகிற கிராஸ் தையல் என்று அதற்குப் பெயராம். இரண்டு பச்சைக்கிளி. ஒன்று முழுசாக இருந்தது. இன்னொன்று கால், வால், வயிறு எல்லாம் ஆகிக் கழுத்தோடு நின்றுபோயிருந்தது. அத்தை அதைத் தடவிப் பார்த்து அழுதாள். அழுது முடித்ததும், தலையில்லாத பட்சியை வீட்டில் வைக்கக்கூடாது, தலையை வைத்து முடியுங்கள் என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தையல் தெரியாது என்றேன்.

"முப்பது வருஷம் ரயில்ல வந்த மூட்டைக்கெல்லாம் சீட்டு ஒட்டினீங்க. ஒரு கிளிக்குத் தலை ஒட்ட முடியாதா?"

ஓய்வு பெற்ற பார்சல் குமாஸ்தாவின் மானம் போகக்கூடாதே. கோடை லீவு முடிந்து ஆனியில் பெண்கள் பள்ளி திறந்ததும், அங்கே தையல் சொல்லிக்கொடுக்கும் கௌரியம்மாளிடம் போனேன். அவளுக்கு முப்பது வயதுகூட இராது. பின்வரிசையில் பாவாடைக்காரப் பெண் பிள்ளைகளோடு என்னை உட்காரவைத்தாள். காலுள்ள சட்டத்தில் தைப்பதற்கு இரண்டு கையும் வேண்டுமாம். வலது கை துணிக்கு மேலேயே இருக்க வேண்டும், இடது கை துணிக்குக் கீழேயே இருக்க வேண்டும். மேலே இருப்பது குத்தி அனுப்பும், கீழே இருப்பது வாங்கி, அடுத்த ஓட்டை வழியாக மேலே திருப்பி அனுப்பும். நான் கீழே எட்டிப் பார்த்தபோதெல்லாம் என் தலையைத் தூக்கிவிட்டாள்.

"குனியாதீங்க சார். கீழ இருக்கிற கைய கண்ணால பாக்கக் கூடாது. அதும் பாட்டுக்கு வேல செய்யும்னு நம்பணும்."

என் இடது கையை நான் நம்பியதில்லை. அறுபது வயது வரை அது வேட்டியைப் பிடிக்கவும் குடையைத் தூக்கவும் மட்டுமே இருந்த கை. ஊசி எங்கே வருகிறது என்று அதற்குத் தெரியவில்லை, குத்தியதும்தான் தெரிந்தது. கைக்குப் பழக்கம் வரட்டும் என்று அத்தை ஒரு திட்டம் போட்டாள். பல் துலக்குவது, காப்பி குடிப்பது, சவரம், எல்லாம் இடது கையால். சவரம் செய்த கோலத்தில் மலைக்குப் போய், பழக்கதோஷத்தில் திருநீற்றுக்கும் இடது கையை நீட்டிவிட்டேன். குருக்கள் என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், தானே என் நெற்றியில் பூசி, "பாவம், எப்போலேந்து?" என்றார். நான் படி இறங்குவதற்குள் சேதி கீழே இறங்கிவிட்டது. பார்சல் தேசப்பனுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது என்று அடுத்த வீட்டுக் கோதண்டபாணி வாதத்துக்குத் தைலம் கொண்டுவந்தார். கே.ஜி.கண்டிகையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு அத்தையின் உறவுக்காரர்கள் எட்டுப் பேர் வாழைப்பழத்தோடு வந்து, என்னைப் பாயில் படுக்கச் சொல்லிச் சுற்றி உட்கார்ந்தார்கள். எழுந்து நடந்து காட்டினேன். "கடசீல அப்டித்தான் ஒரு தெம்பு வரும்" என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னது காதில் விழுந்தது. அன்று மாலைவரை படுத்தே இருந்தேன், மாப்பிள்ளை. வேறு வழி தெரியவில்லை.

இப்படி இருபது நாள் போனது. இருபத்தோராம் நாள் என்னவோ கைகூடிவிட்டது. மேலே குத்தினால் கீழே சர்ரென்று நூல் ஓடியது, அடுத்த மூச்சில் ஊசி சரியான ஓட்டையில் மேலே எட்டிப் பார்த்தது. விரலில் குத்துவதே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கழுத்தைத் தாண்டித் தலைக்கு வந்துவிட்டேன்.

ஆடிக் கிருத்திகை முடிந்து காவடிக் கூட்டமெல்லாம் மலையிறங்கிப் போன மறுநாள் மத்தியானம், இரண்டு மணி இருக்கும். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. அத்தை பின்கட்டில் தண்ணீர் இறைக்கிறாள், ராட்டினம் கிறீச் கிறீச்சென்கிறது. நான் ஊசியைக் குத்தி அனுப்பினேன். சர்ரென்று நூல் ஓடியது. பிடரியில் ஒரு ஈ உட்கார்ந்தது, அதைத் தட்டினேன். தட்டிய கையைப் பார்த்தேன். அது இடது கை. வலது கை எதிரில் துணியின்மேல் இருந்தது. இரண்டு கையும் மேலே இருந்தன. அப்போது ஊசி கீழேயிருந்து துணியைத் துளைத்துக்கொண்டு மேலே வந்தது. அரை ஊசி நீளம் வந்து, நான் வாங்கிக்கொள்வதற்காக நிற்பதுபோல் அப்படியே நின்றது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது எத்தனையோ தோன்றுகிறது. அப்போது வாங்கிக்கொண்டேன். முப்பது வருஷம் பார்சல் ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்தவன், யார் எதை நீட்டினாலும் வாங்கித்தான் பழக்கம். வாங்கிய பிறகுதான் நீட்டியது யார் என்று தோன்றியது. சட்டத்துக்கு அடியில் தவழ்ந்து போனேன். அங்கே ஒன்றும் இல்லை. தரை மட்டும் ஒரு சாண் அகலத்துக்குச் சில்லென்று இருந்தது. திரும்பி வரும்போது தோள் சட்டத்தின் இரண்டு காலுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. குடத்தோடு வந்த அத்தை என் காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தாள். சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். குடத்தை இறக்கி வைத்தாள்.

"எந்த ஓட்டைல வந்துச்சு?"

"சரியான ஓட்டைலதான்."

"அப்ப இருக்கட்டும், தையுங்க" என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

இருக்கட்டும் என்று எனக்கு எப்படி விட மனசு வரும். மறுநாள் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே ஒரு தப்பான ஓட்டையில் ஊசியை விட்டேன். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அதே ஓட்டை வழியாக, காதுப்பக்கம் முன்னால் வர, ஊசி எனக்கே திரும்பி வந்தது. விலாசம் தப்பிய பார்சலை நானும் அப்படித்தான் திருப்பி அனுப்புவேன். அப்புறம் நான் சோதிக்கவில்லை. ஊசி எங்கே எட்டிப் பார்க்கிறதோ அங்கிருந்து எதிர்மூலைக்குக் குத்துவது மட்டும் என் வேலை. நான் வேகமாக இழுத்தால் கீழேயிருந்து நூலை லேசாகப் பிடித்துக்கொள்ளும். "மெள்ள, மெள்ள" என்று என்னை அறியாமல் நானே சொல்லிக்கொள்வேன். ஆறு நாளில் கிளிக்குத் தலையும் அலகும் கண்ணும் வந்துவிட்டன.

கௌரியம்மாளை அழைத்துக் காட்டினேன். அவள் முன்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. சட்டத்தைச் சாய்த்துத் துணியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். தைத்தவர் கையைப் பின்பக்கம்தான் காட்டும் என்றாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் முகம் மாறியது.

"மொதல்ல போட்டது எடது கைக்காரிங்க சார். இழை சாஞ்சிருக்கிற பக்கத்தப் பாத்தாலே தெரியுது. கழுத்துகிட்ட நீங்க போட்டுருக்கீங்க, அதுவும் தெரியுது. தலைய யார் போட்டாங்க?"

"நான்தாம்மா."

"இல்லீங்க. கழுத்துக்கு மேல மறுபடி அந்தக் கைதான்." அத்தை காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள், அதற்கும் அவள் நிற்கவில்லை. வாசற்படியில் திரும்பி, "ஒங்க பொண்ணு எடது கைங்களா?" என்றாள்.

இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது இந்தக் கடிதத்தில் வரும் இரண்டாவது பொய்.

மணியம்மைக்கு ஆறு வயதில் எழுதுவதும் சாப்பிடுவதும் இடது கையால்தான். நான் அடித்துப் பார்த்தேன். பிறகு ஆபீசிலிருந்து மூட்டை கட்டும் சணலைக் கொண்டுவந்து, அந்தக் கையை அவள் இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். ஒரு தை மாதம் முழுக்க. காலையில் ஆபீஸ் போகும் முன் கட்டிவிட்டுப் போவேன், இரவில் தூங்கிய பிறகு அத்தை அவிழ்ப்பாள். "நைனா, வலது கையாலேயே துன்றேன், அவுத்துடு" என்று சொல்வாள். மாதம் முடிந்தபோது சரியாகிவிட்டாள். என் கண்ணெதிரில் அவள் மறுபடி அந்தக் கையை நீட்டியதே இல்லை. எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

உங்கள் கல்யாணத்துக்கு மறுவருஷம் நான் சொல்லாமல் கொள்ளாமல் பெரம்பூருக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா. நிலைப்படியில் என்னைக் கண்டதும் அவள் கரண்டியைச் சட்டென்று கை மாற்றினாள். நீங்கள் சிரித்தீர்கள். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று அன்று எனக்குப் புரியவில்லை. கௌரியம்மாள் போன பிறகு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. அந்தச் சட்டத்தின் முன் அவள் எந்தக் கையை மேலே வைத்துத் தைத்தாள் என்று உங்களிடம் கேட்பதற்காகத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இப்போது கேட்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் அவளுக்கு இரண்டு கையும் இருந்தன. என் வீட்டில் ஒன்றுதான்.

ஆகவே என் சம்மதம். அப்படிப்பட்ட மனுஷர் தனியாக இருக்கக்கூடாது. திருவாலங்காட்டுப் பெண் வரட்டும், நன்றாக இருக்கட்டும். ஆவணிக் கல்யாணத்துக்கு நானும் அத்தையும் முதல் நாளே வந்துவிடுகிறோம். மற்றபடி நான் மேலே எழுதிய விஷயங்களைத் தாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் போனேன். வயதான காலத்தில் பழக்கமில்லாத கையை வருத்தினால் நரம்பு தளர்ந்து, கை செய்வது தனக்கே தெரியாமல் போகும், ஈயைத் தட்டியது வலது கையாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. கிளிகள் இரண்டும் முடிந்துவிட்டபடியால் துணியை மட்டும் நாங்கள் வைத்துக்கொண்டு, சட்டத்தை இன்றைய பாசஞ்சரில் திருப்பி அனுப்புகிறேன். புதுப்பெண்ணுக்கு உபயோகப்படும்.

தங்களுக்கும் தங்கள் தாயாருக்கும் எங்கள் ஆசீர்வாதமும் விசாரிப்பும். சகல சம்பத்தும் பெருகி நீடூழி வாழ முருகன் துணை நிற்க.

இங்ஙனம்,
தேசப்பன்.

பின்குறிப்பு: சட்டத்தை அனுப்புவதாக எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். உறையை ஒட்டப் போகும்போது, துணியைக் கழற்று, நான் கோணியில் கட்டுகிறேன் என்று அத்தையிடம் சொன்னேன். சட்டத்தின் முன் உட்கார்ந்து, முடிச்சை அவிழ்க்கத் துணிக்கு அடியில் கையை விட்டாள். கால் மணி ஆயிற்று. வண்டிக்கு நேரமாகிறது, கையை எடு என்றேன்.

"எடுக்க முடியலீங்க."

"மாட்டிகினுதா?"

"மாட்டல. புடிச்சிகினு இருக்குது."

குரலில் ஒரு பதற்றமும் இல்லை. வலிக்கிறதா என்றேன். ஊஹும், சில்லுன்னு இருக்குது, நீங்க போயி சோத்த வடிங்க என்றாள். வடித்துவிட்டு வந்தேன். அப்படியே கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், நான் வந்ததும் நிறுத்திவிட்டாள். குனிந்து பார்க்கப் போனேன். பாக்கக்கூடாது என்றாள். பார்க்கவில்லை. வண்டி போய்விட்டது. இதை மட்டும் தபாலில் போட்டுவிட்டு வருகிறேன். கல்யாணத்துக்கு நான் நிச்சயம் வருவேன். அவளைப் பற்றி என்ன எழுதட்டும் என்று இப்போதுதான் கேட்டேன். "விட்டா வரேன்னு எழுதுங்க" என்கிறாள்.