நடக்கக் கூடாத ஆள்

இந்தக் காலத்தில் ஒருத்தனுக்கும் தும்மல்கூடத் தானாக வருவதில்லை. டாக்டர் சொன்னால்தான் வருகிறது. மோகன்ராஜ் இப்படித்தான் சொல்வார். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருமுனைப் பால் கடைக்கும் ஸ்கூட்டரில்தான் போவார்.

முடிச்சூர் காலனியில் டாக்டர் பியூலா மாதாமாதம் கூட்டம் போட்டு, "நடங்க, நடங்க" என்று தொண்டை வறளச் சொல்வார். ஜனங்கள் அங்கே கொடுக்கும் சுண்டலைத் தின்றுவிட்டு, அடுத்த தெருவிலிருக்கும் வீட்டுக்கு ஆட்டோ பிடிப்பார்கள்.

அந்த மாதக் கூட்டத்தில் மோகன்ராஜுக்குப் பிரஷர் பார்த்த நர்ஸ் கிருபா உதட்டைப் பிதுக்கினாள். அவர் மனைவி லோகநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது.

"டாக்டர், நீங்களாவது சொல்லுங்க. நான் சொன்னா இவரு கேக்கவே மாட்டேங்கறாரு."

"எவன் சொன்னாலும் கேக்க மாட்டேன். நடக்கச் சொல்லிக்கினு செருப்புக் கடையில கமிஷன் வாங்கறாங்களோ இன்னாவோ!"

பியூலா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க நடக்கவே கூடாது சார். மத்தவங்க நடக்கலாம். உங்களால முடியாது."

"இன்னாது? என்னாலயா?"

மறுநாள் காலை ஸ்கூட்டர் சாவி ஆணியிலேயே தொங்கியது. மோகன்ராஜ் காலனியைச் சுற்றி நடந்தார். டாக்டர் வீட்டு வாசலில் மட்டும் நின்று, வேண்டுமென்றே ஒரு இருமல் இருமிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் பார்த்தால், பின்னால் பக்கத்து வீட்டு சூர்யநாராயணன். நாலாம் நாள் சூர்யநாராயணனின் மனைவியும். வாரம் முடிவதற்குள் அரைத் தெரு.

"எதுக்குய்யா என் பின்னாடியே வந்துகினு கீறீங்க?"

"நீங்க விழுந்தா தூக்க சார். கூட ஆள் போகணும்னு டாக்டர் சொன்னாங்க."

"பொணம் தூக்கறதுக்கா இம்மாம் பேரு?"

அவர்களைக் கழற்றிவிட வேகமாக நடந்தார். அவர்களும் வேகமாக நடந்தார்கள். தாம்பரம் மார்க்கெட் வரைக்கும் போனார். அங்கேயும் வந்து, வந்த கையோடு கீரை வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிப்போய்க் குன்றத்தூர் மலைப்படி ஏறினார். உச்சியில் சூர்யநாராயணன் விபூதி பூசிக்கொண்டு நின்றார்.

"வாங்க சார். லேட் பண்ணிட்டீங்க."

அடுத்த மாதக் கூட்டத்தில் கிருபா இரண்டு தடவை பிரஷர் பார்த்தாள். இறங்கியிருந்தது. லோகநாயகி அப்போதுதான் ஒழுங்காக மூச்சு விட்டாள்.

"பாத்தீங்களா டாக்டரம்மா! நடக்கக் கூடாதுன்னீங்க. நடந்தேன். இன்னா ஆச்சு? ஒண்ணியும் ஆவல. உங்க படிப்பே பொய்!"

"ஏதோ தப்பிச்சீங்க," என்றார் பியூலா, சிரிக்காமல். "இனிமேலாவது நடக்காதீங்க சார்."

"நாளைக்குக் குன்றத்தூருக்கே நடக்கறேன், பாருங்க! டாக்டருங்க பேச்ச நம்பினா வெளங்கினாப்புலதான்."

மோகன்ராஜ் விறுவிறுவென்று வெளியே நடந்தார். சுண்டலைப் பாதியில் வைத்துவிட்டுக் காலனி மொத்தமும் எழுந்து அவர் பின்னால் ஓடியது.

காலி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே கிருபா கேட்டாள்: "டாக்டர், இந்தக் காலனி முடிஞ்சுது. பெருங்களத்தூர்ல நடக்கக் கூடாத ஆளு யாருன்னு பாத்துட்டு வரட்டுமா?"