சாரம்மாள் கேட்ட ஊறுகாய்

இனி இந்த வீட்டில் ஒரு எலுமிச்சம்பழத் தோல்கூட வீணாகப் போகக் கூடாது என்று எலியேசர் தீர்மானம் கொண்டுவந்தபோது, எதிர்க்க ஆளில்லை. வழிமொழியவும் ஆளில்லை. இருந்த ஒரே ஆளான அவர் மனைவி ஹெப்சிபா, அடுப்படியில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள்.

எலியேசர் தணிக்கைத் துறையில் இருந்தவர். அடுத்தவன் செலவில் குற்றம் கண்டுபிடித்தே காலமெல்லாம் சம்பளம் வாங்கிய மனுஷன். ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டை வீட்டில் வந்து உட்கார்ந்ததும், குற்றம் பார்க்க மிச்சமிருந்தது அடுப்படி ஒன்றுதான். போதாக்குறைக்குக் கையில் செல்போன். வீட்டுக் குறிப்பு சொல்லும் பெண்கள் விடிந்ததிலிருந்து அதில் பேசிக்கொண்டே இருந்தார்கள். பருப்பை ஊறப்போட்டு வேகவை, கேஸ் மிச்சம். அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்று. பிழிந்த எலுமிச்சைத் தோலைக் காயவைத்துப் பொடித்தால் பாத்திரம் பளபளக்கும்.

"இதெல்லாம் எங்கம்மா வயித்துல இருக்கும்போதே எனக்குத் தெரியும்" என்றாள் ஹெப்சிபா.

"தெரிஞ்சு என்ன செய்ய? மிச்சத்தக் காணலியே!"

அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் ஒரே சொல்தான். நல்லெண்ணெயா? ஆட்சேபணை. வாரத்தில் ரெண்டு நாள் மீனா? ஆட்சேபணை. கடை ஊறுகாயா? கடும் ஆட்சேபணை.

"வெளியில வாங்குற சாமான வீட்டுலயே செய்யணும் ஹெப்சி. அதுக்குப் பேருதான் சிக்கனம்."

"செஞ்சாப் போச்சு."

"பக்கத்து வீட்டுச் சாரம்மாவப் பாரு. அந்தம்மா கையிலருந்து ஒரு ரூவா வீணா வெளிய போயிருக்கா?"

சாரம்மாள் சாமானியப்பட்டவள் இல்லை. கறிவேப்பிலைக் காம்பைக்கூட ரசத்தில் ஒரு கொதி விட்டுத்தான் குப்பைக்கு அனுப்புவாள். தினமும் மதில்மேல் கையூன்றிக்கொண்டு தன்னோடு ஊர்க்கதை பேசுகிற சிநேகிதியை இனிப் புதிதாக என்ன பார்க்க என்று ஹெப்சிபா தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

இப்படிச் சிக்கனம் கொடிகட்டிப் பறக்கும்போதுதான் கோயிலில் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. சபையார் தோட்டத்தில் விளைந்தது, வீட்டில் செய்தது என்று ஆளுக்கொன்று காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் அதெல்லாம் ஏலத்துக்கு வரும். ஒரேயொரு முருங்கைக்காய் ஒரு மூட்டை முருங்கைக்காயின் விலைக்குப் போகும். கோயிலுக்குச் சேருகிற காசு என்பதால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

"காணிக்கைக்கு ஒரு வாழைத்தார் வாங்கணும்ங்க" என்றாள் ஹெப்சிபா.

"ஆட்சேபணை. ஒரு பாக்கெட் உப்பு போதும். உப்பில்லாம யாராவது சாப்பிடுதாங்களா?"

"கல்யாணமாகி வந்த நாள்லருந்து நான் பண்டிகைக்கு வெறுங்கையோட போனதில்ல. உப்பு பாக்கெட்டத் தூக்கிட்டுப் போனா, பெண்கள் சங்கத்துல என் மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க?"

சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. எலியேசருக்கும் நெஞ்சில் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் போட்ட ஆட்சேபணையைத் தானே அடித்தால் துறைக்கு என்ன மரியாதை?

"காசு கிடையாது. வீட்டுல இருக்கறத வச்சு என்ன வேணும்னாலும் செஞ்சு குடு."

"என்ன வேணும்னாலும்?"

"என்ன வேணும்னாலும்!"

ஹெப்சிபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி" என்றாள்.

ஹெப்சிபாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் வாயில் பொய் வராது. கேட்டதற்கு மட்டும் பதில் வரும். கேட்காததற்கு வரவே வராது. இத்தனை வருஷம் கூட இருந்தும் எலியேசர் கண்டுபிடிக்காத விஷயம் இது.

ஒருநாள் குளிர்பெட்டியைத் திறந்தவர் திடுக்கிட்டார். "ஹெப்சி! நான் சேத்து வச்ச எலுமிச்சத் தோலெல்லாம் எங்க?"

"மாடியில காயுது."

"அப்படிப் போடு! நல்லாக் காயட்டும்." கொஞ்ச நேரம் கழித்து, "உன் தம்பி உடன்குடியிலருந்து கொண்டுவந்த கருப்பட்டி?"

"பத்திரமா இருக்கு."

எலியேசருக்குப் பெருமை தாங்கவில்லை. பெண்டாட்டி திருந்திவிட்டாள் என்று செல்போனை எடுத்துக்கொண்டு அடுத்த குறிப்புக்குப் போய்விட்டார்.

காணிக்கைக்கு என்ன கொண்டுபோனாய் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பண்டிகை அன்று கோயில் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கை தூக்குகிறவன்தான் ஏலத்தில் அகப்படுவான் என்பது அவருக்குத் தெரியாதா? பூசணி போனது, சேவல் போனது, பனங்கிழங்குக் கட்டு போனது. மனுஷர் அசையவில்லை. அப்போதுதான், ஏலம் போடுகிற வேதமுத்து அண்ணாச்சி, மூடிமேல் சிவப்புத் துணி கட்டிய ஒரு பாட்டிலை எடுத்தார். துணியை அவிழ்த்து மூடியைத் திறந்தார். புளிப்பும் கருப்பட்டியும் பெருங்காயமுமாக ஒரு வாசம் கிளம்பி, நேரே எலியேசர் மூக்கில் வந்து ஏறியது. வேதமுத்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். அப்படியே கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏ அப்பா! ஊறுகாயாவே இது? கேளுங்கய்யா, கேளுங்க!"

மாதக்கணக்கில் ஊறுகாயைக் காணாத எலியேசரின் நாக்கு வாய்க்குள் கிடந்து தவித்தது.

"நூறு!" என்று ஒரு பெண் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தார். சாரம்மாள்!

எலியேசருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாரம்மாள் கைக்காசு போட்டு ஒரு சாமானைக் கேட்கிறாள் என்றால், அது லேசுப்பட்ட சாமானா? எங்கேயும் கிடைக்காததாகத்தான் இருக்க வேண்டும்! பக்கத்தில் இருந்த ஹெப்சிபாவிடம் குனிந்தார்.

"ஏட்டி, எடுக்கட்டுமா?"

"காசும் உங்களது, நாக்கும் உங்களது."

"நல்லாருக்குமா?"

"நல்லாத்தான் இருக்கும்."

"இருநூறு!" என்றார் எலியேசர். கட்டியிருந்த கை எப்போது மேலே போனது என்று அவருக்கே தெரியாது.

"முந்நூறு" என்றாள் சாரம்மாள், அவர் பக்கம் திரும்பாமலே.

"ஐநூறு!"

"அறுநூறு."

சபையே வாயைப் பிளந்தது. சாரம்மாள் விடவில்லை. எலியேசரும் விடவில்லை. கடைசியில் அவர் எழுந்தே நின்று, "ரெண்டாயிரம்!" என்று கத்தினார். சாரம்மாள் ஹெப்சிபாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "எலியேசர் அண்ணாச்சியோட நம்மால மல்லுக்கு நிக்க முடியுமா?" என்று பெருமூச்சு விட்டு உட்கார்ந்தாள். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். குருவானவரே வந்து எலியேசருக்குக் கை கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தயிர்ச்சோற்றைப் பிசைந்து, ஊறுகாயைத் தொட்டு வாயில் வைத்தார். அவ்வளவுதான்!

"ஏட்டி ஹெப்சி! ஐயோ, என்ன ருசி! இதப் போட்ட கைக்குத் தங்கத்துல வளையல் போடணும்ட்டி! அது யாருன்னு கேட்டு, நீயும் போய்ப் படிச்சிட்டு வா. பொம்பளன்னா இப்படில்லா இருக்கணும்!"

"வளையல் போடுவீயளா?"

"தாராளமாப் போடுவேன்!"

அந்நேரம் பின்வாசல் வழியாகச் சாரம்மாள் வந்தாள். "ஹெப்சி, எனக்குத் தாரேன்னு சொன்ன பாட்டில எடு."

ஹெப்சிபா ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். மூன்று பாட்டில். மூன்றின் வாயிலும் சிவப்புத் துணி. வாய்க்குப் போன கவளம் எலியேசரின் கையிலேயே நின்றுவிட்டது.

"இது... இது எப்படி இங்கன?"

"எல்லாம் நீங்க சேத்து வச்ச தோலுதான். உப்புல ஊறவச்சு, காயவச்சு, கருப்பட்டி போட்டேன்."

"அப்ப சாரம்மா, நீ எதுக்கும்மா ஏலத்துல அந்தக் கேள்வி கேட்ட?"

"ஹெப்சி கண்ணக் காட்டுற வரைக்கும் கேக்கச் சொன்னா அண்ணாச்சி. நானா இருந்தா பாவம்னு ஐநூறுலயே விட்டிருப்பேன். இவ கண்ணக் காட்டவே மாட்டேங்கா!"

எலியேசர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ பெரிய கில்லாடிகளின் கணக்கைப் பிடித்தவர் அவர். இப்படி ஓட்டை ஒடிசல் இல்லாத வேலையை எந்த ஆபீசிலும் பார்த்ததில்லை. காணிக்கையும் கொடுத்தாயிற்று, காசும் கோயிலுக்குப் போயிற்று, பெண்கள் சங்கத்தில் பேரும் வாங்கியாயிற்று. வாயில் பொய்யும் இல்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் அவருக்குக் கும்பிடத்தான் தோன்றியது. ஆனாலும் ரெண்டாயிரம் நெஞ்சில் இடித்தது.

"வீட்டுல மூணு பாட்டில வச்சுக்கிட்டு, என்னக் காசு குடுத்து வாங்க விட்டுட்டியே ஹெப்சி!"

"வெளியில வாங்கக் கூடாது, வீட்டுலயே செய்யணும்னு நீங்கதான சொன்னீய? நான் செஞ்சேன். வாங்குனது யாரு?"

சாரம்மாள் பாட்டிலை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு வாசல்படியில் நின்றாள். "தங்க வளையல்னு என்னமோ மதிலு வரைக்கும் கேட்டுச்சே அண்ணாச்சி?"

ஹெப்சிபா பரண் தூசி ஒட்டிய கையை முந்தானையில் துடைத்து, எலியேசரின் சோற்றுத் தட்டுக்கு நேரே நீட்டினாள்.

"ஆட்சேபணை உண்டா?"