தெற்கு யன்னலுக்கு நிழல்

இக்காஸ்ட், டென்மார்க்,
மே மாதம், மழை நாள்.

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் அழகரத்தினம் அவர்களுக்கு,

எஸ்பியர்க்கில் நீங்களும் ஞானேஸ்வரி அக்காவும் பிள்ளைகளும் குறையின்றி இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். இங்கே எனக்குச் சுகமில்லை. அதற்குக் காரணம் நீங்கள். தொலைபேசியில் என்னை ஒரு வசனம் முடிக்க விடமாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் புது வீட்டுக் குடிபூரலுக்கு ஒரு செர்ரிக் கன்றைக் காரில் ஏற்றி வந்தீர்கள். "தெற்குப் பக்கம் வைச்சாத்தான் வீட்டுக்கு நிழல். மத்தியானம் யன்னலைத் திறந்துபோட்டுப் படுக்கலாம்" என்று சொல்லி, நான் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் சுவரிலிருந்து மூன்று அடியில் அதை நடக் கிடங்கும் வெட்டிவிட்டீர்கள். வெயிலைக் கண்டால் ஊரே வெளியில் ஓடிவரும் நாட்டில் இருக்கிறோம் என்பது அன்று நம் இருவருக்கும் நினைவில் வரவில்லை. பக்கத்து வீட்டு நீக்கிலாஸ் மட்டும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "நிழல் எதற்கு?" என்று கேட்டான். வெயிலுக்கு என்றேன். "எந்த வெயில்?" என்றான். அப்போது மழை தூறிக்கொண்டிருந்தது.

கன்றில் கட்டியிருந்த அட்டையில் சிறு மரம் என்று போட்டிருந்தது. டென்மார்க்காரரின் உயரத்துக்கு அது சிறுசாக இருக்கலாம். என் வீட்டில் அது யன்னலை மூடி, கூரைப் பீலியில் இலை அடைத்து, பட்டப்பகலில் லைற் போட வைத்துவிட்டது. அதையும் பொறுத்திருப்பேன். ஆனால் உங்கள் தங்கை சுசீலாதேவி பழைய வீட்டிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த கறிவேப்பிலைக் கன்று வீட்டுக்குள்ளே அந்த யன்னலடியில்தான் சாடியில் நிற்கிறது. விபோர்க்கிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து ஒரு நெட்டு இலை கேட்டு வாங்கிப்போன கன்று, வெளிச்சம் இல்லாமல் முழு இலையையும் கொட்டி இப்போது வெறும் தடியாக நிற்கிறது. "உங்கட நிழலில நீங்களே இருங்கோ" என்றதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. பத்தொன்பது நாளாக என்னோடு கதைக்கிறாள் இல்லை. சோறு மேசையில் இருக்கும், ஆள் இருக்கமாட்டாள். நாற்பது வருடக் குடித்தனத்தில் இப்படியோர் அமைதியை நான் கண்டதில்லை. எனக்கு அது பிடிக்கவுமில்லை, மச்சான்.

ஆகவே வருகிற சனிக்கிழமை மண்வெட்டியோடு வாருங்கள். நட்ட கையாலேயே கிளப்பி, வடக்கு மூலையில் கராஜுக்குப் பின்னால் வையுங்கள். அந்த நிழலில் கார் படுத்துக்கொள்ளட்டும். அக்காவுக்கு என் வணக்கம்; உங்களுக்கும், கோபத்தோடு.

இப்படிக்கு,
தேவராசா

பி.கு.: உறையில் போடுமுன் சுசீலாதேவி கடிதத்தை எடுத்து வாசித்துவிட்டாள். "என்ர அண்ணையைக் குறை சொல்ல நீங்கள் ஆர்? அவர் ஆசையாக் கொண்டுவந்து வைச்ச மரத்தில ஒருத்தரும் கை வைக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்றாள். காலை பத்து மணிக்குத் தொடங்கியவள், இப்போது மூன்று மணி, இன்னும் நிறுத்தவில்லை. மரம் நிற்கட்டும் மச்சான். வராதீர்கள்.